மூடியில் துளையிட்ட ஜாடி

சிட்னி மருத்துவமனை ஒன்றின் குளிர்பெட்டியில், மற்ற மருந்துகளுக்கு நடுவே, சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கிறது. உள்ளே உறையவைத்து உலர்த்திய பொடி. லேபிளில் 125 யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. புனல்வலைச் சிலந்தி கடித்தவருக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து அது. இந்தப் பொடிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஒரு பொந்து, ஒரு ஷூ, ஒரு ஜாடி, ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு முயல் என்று ஐந்து இடத்தில் தங்கிவிட்டுத்தான் அது இந்தக் குளிர்பெட்டிக்கு வந்திருக்கிறது.

பொந்து

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் நியூகாசில் தொடங்கித் தெற்கே நவ்ரா வரை, மேற்கே மலையேறி லித்கோ வரை இந்தச் சிலந்தியின் ஊர். நடுவில் உட்கார்ந்திருக்கிறது சிட்னி. பாறையடி, மட்கிய மரம், வீட்டுத் தோட்டத்துப் புதர் என்று ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்துப் பொந்து தோண்டி, உள்ளே பட்டு நூலால் குழாய்போல வேய்ந்துகொள்ளும். வாசலில் இருந்து நாலாபக்கமும் நூல்களை இழுத்துக் கட்டியிருக்கும். வண்டோ கரப்பானோ அதில் கால் வைத்தால் உள்ளே இருப்பவருக்குத் தந்தி போய்விடும்.

பெண் சிலந்தி அந்தப் பொந்திலேயே எட்டு வருஷம், அதற்கு மேலும்கூட வாழ்ந்துவிடும். ஆணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பருவத்துக்கு வந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடும். அங்கே வெப்பம் மிகுந்த மாதங்கள் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் அடங்கும். அந்த மாதங்களின் இரவுகளில், முக்கியமாக மழைக்குப் பிறகு, பெண்ணைத் தேடி நடந்துகொண்டே இருக்கும். திரும்பிப் போக வீடு கிடையாது. சில மாதங்களில் ஆயுளும் முடிந்துவிடும்.

மனிதருக்கு ஆபத்தானது இந்த நாடோடி ஆண்தான். இதன் விஷம் பெண்ணுடையதைப் போல ஆறு மடங்கு கொடியது என்கிறார்கள். இந்த வேற்றுமைக்கு 2020இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். பொந்துக்குள் இருக்கும்வரை விஷம் இரைக்கானது. பூச்சி முடங்கினால் போதும், வேலை முடிந்தது. வெளியே வந்துவிட்ட ஆணுக்கு இரை முக்கியமில்லை. பல்லி, பறவை, சிறு விலங்கு எதன் வாயிலும் விழாமல் பெண்ணிடம் போய்ச் சேர வேண்டும். முதுகெலும்புள்ள எதிரிக்கு வலியைக் கொடுத்து விரட்டும் நஞ்சு அந்தத் தேவையில் இருந்து வளர்ந்தது. மனிதன் அந்தக் கணக்கிலேயே இல்லை. அந்தக் கண்டத்தில் குரங்கினம் எதுவும் இருந்ததில்லை. முதலில் வந்து சேர்ந்தவர்கள் மனிதர்களே. அதற்கு வெகுகாலம் முன்பே சிலந்தி தன் விஷத்தைக் காய்ச்சி முடித்துவிட்டது.

ஷூ

விடிந்தால் சிக்கல். இதன் உடம்பு வறட்சி தாங்காது. வெயில் ஏறுவதற்குள் ஏதாவது இருட்டில் ஒண்டிக்கொள்ள வேண்டும். வாசலில் கழற்றிப்போட்ட ஷூ, தரையில் கிடக்கும் துவைக்காத துணி, கார் நிறுத்தும் கொட்டகை, எது கிடைத்தாலும் சரி. நீச்சல் குளத்தில் விழுந்தால் அடியில் செத்ததுபோலக் கிடக்கும். உடம்பு மயிர்களில் ஒட்டிய காற்றுக் குமிழ் அதைப் பல மணி நேரம் உயிரோடு வைத்திருக்கும். செத்த சிலந்திதானே என்று கையால் எடுத்துப்போடப் போகிறவருக்கு இது தெரியாது.

காலை ஷூவுக்குள் நுழைகிறது ஒரு பாதம். சிலந்தி ஓடாது. முன்னங்கால்களைத் தூக்கி, பின்னால் சாய்ந்து நின்று, மேலிருந்து கீழாகக் குத்தும். இதன் பற்கள் மற்ற பல சிலந்திகளுடையதைப் போல இடுக்கியாக எதிரெதிரே வந்து சேர்வதில்லை. இரண்டும் இணையாக, கோடரி இறங்குவதுபோல இறங்கும். மனித நகத்தையே துளைக்கும் பலம் அவற்றுக்கு உண்டு.

அங்கிருந்து விஷத்தின் பயணம் உடம்புக்குள். அதில் உள்ள முக்கிய நஞ்சு 42 அமினோ அமிலங்களைக் கோத்த சிறிய புரதத் துணுக்கு. நம் நரம்புகளில் சேதி ஓடுவது சோடியம் அயனிகள் நுழையும் நுண்கதவுகளால். கதவு திறந்ததும் கணத்தில் மூடிக்கொள்ள வேண்டும். மூடினால்தான் நரம்பு அடுத்த சேதிவரை ஓயும். இந்த நஞ்சு கதவை மூட விடுவதில்லை. யாரும் அழைக்காமலே மணி அடித்துக்கொண்டே இருக்கும் வீடுபோல ஆகிவிடுகிறது உடம்பு.

முதலில் கடிவாயில் கடுமையான வலி. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் துடிப்பு. மயிர் குத்திட்டு நிற்கும். வியர்வை, கண்ணீர், எச்சில் மூன்றும் ஒருசேரப் பெருகும். தசைகள் தாமாகத் துள்ளும். நாடி ஓடும், ரத்த அழுத்தம் எகிறும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதன்பின் துள்ளல் மெல்ல அடங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் தேறுகிறார் என்று நினைத்துவிடக்கூடிய கட்டம் இது. எகிறிய ரத்த அழுத்தம் சரியத் தொடங்குவதும் அப்போதுதான்.

பதிவான முதல் மரணம் 1927இல், சிட்னியில், இரண்டு வயதுச் சிறுவன். அதில் இருந்து 1980 வரை பதிவானவை 13 மரணங்கள். கடித்த சிலந்தியை உறுதியாக அடையாளம் காண முடிந்த மரணங்களில் எல்லாம் அது ஆண்தான். ஒரு பெருநகரத்தில் ஐம்பது வருஷத்தில் 13 பேர் என்பது சாலை விபத்துகளோடு ஒப்பிட்டால் சின்ன எண். ஆண்டுக்கு முப்பது நாற்பது பேர் கடிபட்டாலும் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான் கடுமையான விஷத்துக்கு ஆளாகிறார்கள். பல கடிகளில் விஷம் உடம்புக்குள் போதிய அளவு இறங்குவதே இல்லை. ஆனாலும் இறந்தவர்களில் குழந்தைகள் இருந்தார்கள், கடித்த இடம் சொந்த வீடாக இருந்தது. அந்தப் பெற்றோர்களிடம் மருத்துவர்கள் சொல்வதற்கு அதிகம் இல்லை. செயற்கை சுவாசம் கொடுக்கலாம், சுரப்புகளைக் குறைக்க அட்ரோபின் போடலாம், காத்திருக்கலாம். விஷத்தையே பிடித்து நிறுத்தும் மருந்து அன்று யாரிடமும் கிடையாது.

ஜாடி

வீட்டில் சிலந்தியைக் கண்டதும் கை தானாகச் செருப்பைத் தேடும். சிட்னிக்காரரின் கையும் அப்படித்தான். ஆனால் அந்த ஊரில் கை ஜாடியைத் தேட வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள்.

சொல்லிக்கொடுப்பது சிட்னிக்கு வடக்கே, சோமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்கா. அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவைச் சிலந்திக்கு முன்னால் சாய்த்து வை. நீளமான குச்சியால் மெல்லத் தள்ளு. ஈர மண்ணோ ஈரப் பஞ்சோ கொஞ்சம் போடு. மூடியில் துளையிட்டு மூடு. முறை இவ்வளவுதான். இது நடப்பதற்குக் காரணம் சிலந்தியின் இரண்டு பலவீனங்கள்: அதற்குத் தாவத் தெரியாது, வழுவழுப்பான கண்ணாடியில் ஏறவும் வராது.

ஜாடியைக் கொண்டுபோய்க் கொடுக்க நகரத்தில் பல இடங்கள் உண்டு. அவற்றில் சில மருத்துவமனைகள். கடிபட்டவர்கள் வரும் அதே வாசலுக்குக் கடிக்கும் சிலந்தியும் ஜாடியில் வருகிறது. பூங்காவுக்கு வேண்டியது முக்கியமாக ஆண்கள். பொந்தைவிட்டு வந்த ஆணுக்கோ ஆயுள் ஒரு பருவம்தான். அதனால் ஒவ்வொரு கோடையிலும் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். மருந்து தயாரிக்கும் கூடம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அதன் முதல் கண்ணி ஏதோ ஒரு புறநகர் வீட்டில், பயத்தை அடக்கிக்கொண்டு ஜாடியைச் சாய்த்த யாரோ ஒருவர்தான்.

ஜாடிகளில் சில நேரம் வியப்பும் வரும். 2024இல் வந்த ஓர் ஆண் சிலந்தி கால் விரித்த நிலையில் 7.9 சென்டிமீட்டர் இருந்தது. ஹெர்குலிஸ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷமே 9.2 சென்டிமீட்டரில் இன்னொன்று. அதற்கு நடிகர்களான ஹெம்ஸ்வொர்த் சகோதரர்களின் பெயர். நியூகாசில் பக்கத்தில் இருந்து வரும் சிலந்திகள் மட்டும் இப்படிப் பெருத்திருப்பதைப் பூங்காவின் முன்னாள் சிலந்திக் காப்பாளர் கேன் கிறிஸ்டென்சன் பல வருஷம் முன்பே கவனித்திருந்தார். 1877 முதல் ஒரே இனமாகக் கருதப்பட்டுவந்த சிட்னிப் புனல்வலைச் சிலந்தி உண்மையில் மூன்று இனங்கள் என்று 2025 ஜனவரியில் ஆய்வாளர்கள் அறிவித்தபோது, நியூகாசில் இனத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

குழாய்

பூங்காவில் வாரத்துக்கு ஒருமுறை கறவை. கறப்பவர் கையில் நுனி மெலிந்த கண்ணாடிக் குழாய். அதன் மறுமுனை காற்றை உறிஞ்சும் கருவியோடு இணைந்திருக்கும். குழாய் நுனியால் சிலந்தியைச் சீண்டினால் போதும். ஷூவுக்குள் பாதத்தைக் கண்டபோது நின்ற அதே நிலையில் நிற்கும். பின்னால் சாய்ந்து, முன்னங்கால் தூக்கி, பல் விரித்து. அந்தக் கோபத்தில் பல் நுனியில் விஷம் தானாகக் கசிந்து முத்தாக நிற்கும். குழாய் அதைத் தொட்டு உறிஞ்சிக்கொள்ளும். ஒரு முறைக்குக் கிடைப்பது துளி என்று சொல்லவே கூசும் அளவு. ஒரு குப்பி மருந்துக்கு இப்படிப் பல பத்துக் கறவைகள் வேண்டும்.

பாம்புகளில் பித்துக்கொண்ட எரிக் வொரெல் என்பவர் 1948இல் சிறிதாகத் தொடங்கிய காட்சியகம்தான் இன்று இந்தப் பூங்கா. 2000ஆம் ஆண்டு ஜூலையில் தீப்பிடித்து முக்கியக் கட்டடம் எரிந்தது. உள்ளே இருந்த உயிர்களில் பெரும்பாலானவை மடிந்தன. சில வாரங்களில் பூங்கா மீண்டும் திறந்தது. ஊர்க்காரர்களின் ஜாடிகளும் மீண்டும் வரத் தொடங்கின.

இந்த இடத்தில் விஷத்தின் பாதை இன்று இரண்டாகப் பிரிகிறது என்றும் சொல்லலாம். குயின்ஸ்லாந்தின் கேகாரி தீவில் வாழும் உறவினச் சிலந்தி ஒன்றின் விஷத்தில் விஷ ஆய்வாளர் கிளென் கிங்கின் குழு வேறொரு புரதத் துணுக்கைக் கண்டெடுத்தது. ரத்த ஓட்டம் தடைப்பட்டு மூச்சுமுட்டும் மூளை அணுக்களுக்குச் செத்துப்போகும்படி சேதி சொல்லும் கதவு ஒன்று உண்டு. இந்தத் துணுக்கு அந்தக் கதவை அடைக்கிறது. பக்கவாதம் வந்த எலிகளில் மூளைச் சேதத்தை அது குறைத்ததாக 2017இல் எழுதினார்கள். மாரடைப்பிலும் உதவுமா என்ற ஆய்வு அதைத் தொடர்ந்தது. கதவைத் திறந்தே வைக்கும் நஞ்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரன், கதவைச் சாத்தும் மருந்தாகலாம். அது இன்னும் நடந்துகொண்டிருக்கும் பயணம். நம் குப்பியின் பயணம் குழாயில் இருந்து தெற்கே, மெல்பர்னுக்குப் போகிறது.

முயல்

மெல்பர்னின் பார்க்வில் பகுதியில் 1916இல் அரசு தொடங்கிய சீரம் ஆய்வகம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பாம்புக்கடி மருந்துகள் எல்லாம் பிறந்த இடம். அங்கே பணியாற்றிய சால் வீனர் 1956இல் இன்னொரு நச்சுச் சிலந்தியான செம்முதுகுச் சிலந்திக்கு விஷமுறிவு மருந்து கண்டுபிடித்தார். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கும் பழைய முறை. அதே முறையைப் புனல்வலைச் சிலந்தியிடமும் முயன்றார். நடக்கவில்லை.

காரணம் விஷத்தின் குணத்திலேயே இருந்தது. நஞ்சுத் துணுக்கு மிகச் சிறியது. விலங்கின் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகைவன் என்றே கண்டுகொள்வதில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. மனிதனையும் குரங்கையும் வீழ்த்தும் இந்த நஞ்சு நாய், பூனை, முயல் போன்றவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. தோட்டத்துச் சிலந்தியோடு மோதிவிட்டு நாய் சாவகாசமாக நடந்துபோகும். ஆய்வுக்கூட விலங்கே சாகாதபோது மருந்து வேலை செய்கிறதா என்று எதில் சோதிப்பது?

1966இல் அந்த ஆய்வகத்தில் சேர்ந்த ஸ்ட்ரூவன் சதர்லேண்ட், சிட்னியில் பிறந்த மருத்துவர். எழுபதுகளின் கடைசியில் மீண்டும் மரணங்கள் நேர்ந்தபோது அவர் இந்த முடிச்சை அவிழ்ப்பதென்று உட்கார்ந்தார். நஞ்சு தொடாத முயலையே தேர்ந்தெடுத்தார். சாகாது என்ற குறையே இங்கே வசதியாகிவிட்டது. எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடும் துணைப்பொருளைக் கலந்து, ஆண் சிலந்தியின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். முயல் நோயில் விழவில்லை. ஆனால் அதன் ரத்தம் அந்நியனை அடையாளம் கண்டுகொண்டு எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்கியது. ரத்தத்தை எடுத்து, அந்த எதிர்ப்பொருளை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து, குரங்குகளில் சோதித்தார்கள். விஷம் ஏறிய குரங்குகள் பிழைத்தன. 1980இல் முடிவுகள் வெளியாயின.

பொந்தில் தொடங்கிய துளி முயலோடு நின்றுவிடுகிறது. குப்பிக்குள் போவது அந்தத் துளிக்கு முயலின் ரத்தம் சொன்ன பதில். தன்னைக் கொல்ல முடியாத ஒரு நஞ்சுக்கு, தனக்குத் தேவையே இல்லாத ஒரு மருந்தை முயல் செய்துகொடுத்தது. சிலந்தி மனிதனை நினைத்து விஷம் வைக்கவில்லை, முயல் மனிதனை நினைத்து மருந்து சுரக்கவில்லை. இரண்டையும் முடிந்துவைக்கும் வேலையை மட்டும் மனிதர்கள் பார்த்தார்கள்.

ஆய்வகம் 1994இல் தனியார்மயமானது. ஆண்டுக்குச் சில பேருக்கே தேவைப்படும் மருந்தில் வணிக லாபம் பார்க்க முடியாது. அரசின் ஒப்பந்தமும் பணமும் இருப்பதால்தான் அந்த முயல்கள் இன்னமும் வேலையில் இருக்கின்றன.

குப்பி

1981 ஜனவரியில், சிட்னியின் ராயல் நார்த் ஷோர் மருத்துவமனைக்குக் கடிபட்ட ஒருவர் வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த மருத்துவர் மால்கம் ஃபிஷரின் குழு அதுவரை மனிதருக்குச் செலுத்தியிராத அந்த மருந்தை அவருக்குச் செலுத்தியது. அவர் பிழைத்தார். அந்த நாள் முதல் இன்றுவரை ஆஸ்திரேலியாவில் புனல்வலைச் சிலந்தி கடித்து ஒருவரும் இறந்ததாகப் பதிவில்லை. அதுவரையான நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், கடித்தது எந்தச் சிலந்தி என்று வல்லுநர்கள் உறுதிசெய்த நேர்வுகளில் 97 சதவீதம் பேருக்கு மருந்து முழுப் பலன் கொடுத்திருந்தது. உறவினப் புனல்வலைச் சிலந்திகளின் கடிக்கும், சற்றே தூரத்து உறவான எலிச்சிலந்தியின் கடிக்கும்கூட இதே குப்பி கைகொடுக்கிறது.

குப்பிக்கு ஒரு கூட்டாளி உண்டு: துணிக்கட்டு. பாம்புக்கடிக்காக 1979இல் சதர்லேண்ட் குழு வகுத்த முதலுதவிதான் இதற்கும். சுளுக்குக்குக் கட்டும் நெகிழ்துணியால் கடிபட்ட கை அல்லது காலை முழுக்க இறுக்கிச் சுற்றி, சட்டம் வைத்து அசையாமல் கட்டிவிடுவது. கீறவோ உறிஞ்சவோ கயிறு கட்டி ரத்தத்தை நிறுத்தவோ கூடாது. நஞ்சு நிணநீர் வழியாக மேலே ஏறுவதை அந்தக் கட்டு தாமதப்படுத்துகிறது. கட்டுப்பட்ட இடத்தில் இந்தச் சிலந்தியின் விஷம் ஓரளவு தானே வலுவிழப்பதாகவும் சதர்லேண்ட் சோதனைகளில் கண்டார். கட்டை மருத்துவமனையில்தான் அவிழ்ப்பார்கள், அதுவும் மருந்து கைவசம் தயாராக இருக்கும்போது. செம்முதுகுச் சிலந்தி கடித்தால் இந்தக் கட்டு போடுவதில்லை. அதன் விஷம் மெதுவானது, கட்டினால் வலிதான் கூடும்.

மருத்துவமனையில் முதல் வேலை உட்கார்ந்து பார்ப்பது. சில மணி நேரம் நாக்குத் துடிக்கவில்லை, வியர்க்கவில்லை என்றால் குப்பியைத் திறக்கத் தேவையே இல்லை. அறிகுறி தெரிந்தால் பொடியை நீரில் கரைத்து ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். வழக்கமாக முதலில் இரண்டு குப்பிகள், நிலைமை மோசமென்றால் நான்கு. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். உடம்பு சிறிதென்பதால் சிலந்தி விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லையே.

சதர்லேண்ட் 2002இல் காலமானார், நரம்பு மண்டலத்தைச் சிதைக்கும் நோயொன்றால். நரம்பைக் குலைக்கும் நஞ்சுகளோடு வாழ்நாளைக் கழித்தவரின் கடைசி எதிரி அப்படி வந்தது. அவர் காலத்துக்குப் பிறகும் பல குப்பிகள் அதே குளிர்பெட்டிகளில் ஒன்றும் நடக்காமல் காத்திருந்து, தேதி முடிந்து, புதிய குப்பிக்கு இடம் கொடுக்கின்றன. அப்படிக் காலாவதியாவதே இந்த மருந்துக்கு வாய்க்கக்கூடிய நல்ல முடிவு.

எல்லாக் குப்பிக்கும் அது வாய்ப்பதில்லை. 2017 பிப்ரவரியில் சிட்னிக்கு வடக்கே ஒரு வீட்டில், பத்து வயதுச் சிறுவன் ஷூவை எடுத்தபோது உள்ளே ஒண்டியிருந்த சிலந்தி அவன் விரலில் கடித்தது. வலிப்பு வந்தது, வாயில் நுரை தள்ளியது. வீட்டில் இருந்தவர்கள் சட்டையைக் கிழித்துக் கையைச் சுற்றிக் கட்டி மருத்துவமனைக்கு ஓடினார்கள். இரண்டு குப்பி போதவில்லை, நான்கும் போதவில்லை. பன்னிரண்டு குப்பிகள் ஏற்றினார்கள். யாரோ பன்னிரண்டு குப்பிக்கான ஜாடிகளைச் சாய்த்துப் பிடித்திருந்ததால் அவன் பிழைத்து வீடு திரும்பினான்.

கடித்த சிலந்தியை அவன் வீட்டார் நசுக்கவில்லை. பிடித்து அடைத்தார்கள். அது சோமர்ஸ்பி பூங்காவுக்குக் கறவைக்குப் போனது.